திமிங்கிலப் படத்தின் வலது மூலை

மணிவண்ணனை இதை வைத்து யாரும் கேலி செய்யக்கூடாது. அந்த நிபந்தனையோடுதான் ஆரம்பிக்கிறேன். இரண்டாம் மாடியில் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, அதற்கு மேல் ஜெர்க்கினும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். சொல்லட்டுமா என்று நேற்று போனில் கேட்டேன். "தாராளமா சொல்லுங்கண்ணே, பேரோடயே சொல்லுங்க" என்றார். அதனால் பேரோடு சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் இந்த வேலைக்குப் புதிது. காகிதத்தை எப்படித் தூக்குவது, மையை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் மெஷினில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்காக ஓய்வு பெற்ற ஒருவனைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. மெஷின் ஒழுங்காக ஓடி, நிறம் அருமையாக வந்து, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது தப்பு ஒன்று சத்தமில்லாமல் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஒரே ஒரு மத்தியானத்தில் கிடைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம்மைச் சுற்றி எல்லாம் லேத் பட்டறையும் பெயின்ட் அடிக்கிற கம்பெனியும்தான். அதற்கு நடுவில் நாம் உட்கார்ந்துகொண்டு பருத்திக் காகிதத்தில் கடல் புகைப்படம் அச்சடிக்கிறோம். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் டீக்கடையில் என்னைப் பார்த்தால், "இன்னா சார், மீன் வியாபாரம் எப்டிப் போவுது?" என்பார்கள். போகிறது என்பேன். அந்த மீன் வியாபாரத்தை நமக்குக் கொண்டுவந்தவர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா ஆவடிப் பெண். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். அங்கே இருந்த குளத்தில் கற்றுக்கொண்ட நீச்சலை வைத்துக்கொண்டு, அவர் தெற்குப் பசிபிக்கில் டோங்கா தீவு வரைக்கும் போய்விட்டார். கூன்முதுகுத் திமிங்கிலங்கள், அதாவது ஹம்ப்பேக், குட்டி போடுவதற்கு அங்கே வரும். முதுகில் ஆக்சிஜன் உருளை எல்லாம் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, படம் எடுத்துவிட்டு மேலே வரவேண்டும். நடுக்கடலில் தனியாக இறங்கக்கூடாது என்பதால் கூடவே அவருடைய கணவர் சாமும் இறங்குவார். சாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் பயிற்சியாளர். ஆளைப் பார்த்தால் தெரியாது, தொந்தி இருக்கும், ஆனால் தண்ணீரில் இறங்கினால் வேறு ஆள்.

அவர்கள் கொண்டுவந்த படங்களில் ஒன்றுதான் இந்தத் தாயும் குட்டியும். தாய் படம் முழுக்க நிறைந்து கிடக்கும். குட்டி அதன் தாடைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும். இந்த மாதிரிப் படங்களை எப்படி விற்கிறோம் என்று உங்களுக்கு இதற்குள் சொல்லியிருப்பார்கள். இதற்கு மொத்தம் ஏழு பிரதிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும். ஏழு முடிந்தால் அந்தப் படத்தை ஜென்மத்துக்கும் அச்சடிக்கக்கூடாது. கூடவே ஸ்டெல்லா ஒரு சான்றிதழ் கொடுப்பார்: கடலில் இருந்ததில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை. வாங்குகிறவர்கள் அந்த ஒரு வாக்கை நம்பித்தான் வாங்குகிறார்கள். அது பொய் என்று ஒரு பிரதியில் தெரிந்தால் போதும், மற்ற ஆறும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். ஸ்டெல்லா அதற்கப்புறம் எந்தப் படத்தைக் காட்டினாலும், இதில் எதை அழித்தாய் என்றுதான் கேட்பார்கள்.

ஆறு பிரதிகள் விற்றுப் போய்விட்டன. ஏழாவதை வாங்கியவர் லோகநாதன். பூந்தமல்லி போரூர் சாலையில், காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். வாசலுக்கு நேர் எதிரே ஒரு சுவர் முழுவதையும் இந்தப் படத்துக்கென்று ஒதுக்கி, விளக்கு எல்லாம் போட்டு வைத்திருந்தார். மறுநாள் காலையில் திறப்பு விழா. படத்தை எடுத்துப்போக அவரே வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது மணிவண்ணன். அவர் அப்போதுதான் நம்மிடம் சேர்ந்திருந்தார். அதற்கு முன்னால் பல வருஷமாகக் கல்யாண ஆல்பம் வேலை. கம்ப்யூட்டரில் மணப்பெண் முகத்தில் பருவை எடுப்பார், மாப்பிள்ளை கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பார், மேடைக்குப் பின்னால் தொங்குகிற ஒயரை எடுப்பார். அந்த வேலையில் ஒரு பரு மிச்சமிருந்தால் பெண் வீட்டார் ஆல்பத்தை முகத்தில் எறிவார்கள். ஸ்டெல்லாவின் படத்தை அச்சுக்குத் தயார் செய்ய அவரிடம் கொடுத்தபோது, அவர் அதைத்தான் செய்தார். மணப்பெண் முகத்தைத் துடைக்கலாமா என்று யாராவது வந்து அனுமதி கேட்பார்களா? திமிங்கிலத்தின் உடம்பு பூராவும் வெள்ளைத் தழும்பு, சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டு வளர்கிற உயிர்கள், தண்ணீரில் மிதக்கிற தூசு. பாவம், ஆசையாக உட்கார்ந்து ஒன்று விடாமல் துடைத்திருக்கிறார்.

பிரதி மேசைமேல் விரித்திருந்தது. பக்கத்தில் நாம் பத்திரமாக வைத்திருக்கும் மாதிரிப் பிரதி, முதன்முதலில் ஸ்டெல்லா சரி என்று சொன்னது. வழக்கம்போல இரண்டையும் வைத்து நீலத்தை மட்டும்தான் பார்த்தோம். இந்தப் படத்தில் நீலம்தான் உயிரை வாங்கும், கொஞ்சம் பச்சை ஏறினாலும் குட்டை மாதிரி ஆகிவிடும். நீலம் அப்படியே பொருந்தியிருந்தது. ஸ்டெல்லா முகம் மலர்ந்துபோய்ப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். லோகநாதன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "யப்பா, இன்னா பளபளப்பு! சோப்பு போட்டுக் குளிப்பாட்ன மாரி கீது" என்றார். அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த நேரத்தில் சாம் வந்தார். வெளியே மழை பிடித்திருந்தது, ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. காகிதத்துக்குப் பக்கத்தில் வராதே என்று ஸ்டெல்லா கத்தினார். சாம் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, திமிங்கிலத்தைப் பார்க்காமல் நேராகப் புதுப் பிரதியின் வலது பக்கக் கீழ் மூலையில் குனிந்தார். இந்தப் படம் எங்கே இருந்தாலும் அவர் அப்படித்தான் குனிவார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஸ்டெல்லா, நான் எங்க?"

"என்ன நீ எங்க?"

"என்னக் காணோமே. இங்கதான நான் இருப்பேன்?"

மாதிரிப் பிரதியின் அந்த மூலையில் கடுகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அதுதான் சாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வது அவர் வழக்கம். புதுப் பிரதியில் அந்த இடத்தில் சுத்தமான நீலம். ஒன்று தெரிந்ததும் மற்றதெல்லாம் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தது. தாடையில் தழும்பு இல்லை, துடுப்பில் சிப்பி இல்லை, வயிற்றில் கீறல் இல்லை.

"யார் இத பண்ணது?" ஸ்டெல்லா எங்கள் பக்கம் திரும்பினார். "திமிங்கிலத்துக்கு ஃபேஷியல் பண்ணி வச்சிருக்கீங்க!"

மணிவண்ணன் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "நான்தான்க்கா. அழுக்குன்னு நெனச்சிட்டேன்."

லோகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு ஏம்மா இவ்ளோ கோவம்? அத்தவிட இதான் சோக்கா கீது. அதுல ஒடம்பெல்லாம் சொறி புட்ச்ச மாரி கீது. எனக்கு இதே போதும், கையெழுத்து மட்டும் போட்டுக் குடு, நான் கெளம்புறேன். மண்டபத்துல ஆளுங்க ஆணி அட்ச்சிட்டு வெய்ட் பண்ணிகினு கீறாங்க."

மணிவண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, தழும்பெல்லாம் யாருக்கும் தெரியப்போறதில்ல. அந்தப் புள்ளிதான பிரச்சன? மையத் தொட்டு மெல்லிசு பிரஷ்ல ஒரு பொட்டு வச்சிர்றேன். கண்ணாடி போட்டுப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

நினைத்துப் பாருங்கள். காகிதச் சுருளில் கடைசித் துண்டுதான் மிச்சம், அடுத்த சுருள் இன்னும் துறைமுகத்தை விட்டு வரவில்லை. வெளியே மழை, எஸ்டேட்டில் கரண்ட் எப்போது போகும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. வாங்குகிறவர் இதுவே போதும் என்கிறார். சாம்கூட, "வைங்கண்ணே, ஒரு பொட்டுதானே நான்" என்று சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அது பொட்டு இல்லண்ணா," என்றார். "அன்னிக்கு நான் தேடுன ஆளு."

அதுவரை எனக்கும் அந்தக் கதை தெரியாது. கடலுக்குள் பேச முடியாது என்பதால் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒருவர் கேமராவில் கண்ணை வைத்திருக்கும்போது இன்னொருவர் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. நகரத்தான் வேண்டும் என்றால், ஒரு கையை நேராக மேலே தூக்கிக் காட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாதே என்று அர்த்தம்.

"இந்தப் படத்த எடுத்துட்டுப் பக்கத்துல திரும்பிப் பாக்குறேன், இவன் இல்ல. கீழ பாத்தா தரையே கிடையாது, நீலம் மட்டும்தான். திமிங்கிலமும் இறங்கிப் போயிருச்சு. மேல வந்து சாம், சாம்னு கத்துறேன். அந்த நேரத்துல நான் என்னெல்லாம் நெனச்சேன்னு இப்பக்கூட சொல்ல மாட்டேன். அப்புறம் படகுக்காரர்தான் அந்தாண்டப் பக்கம் கை காட்டுனார். குட்டி குறுக்க வந்துச்சாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல நிக்கக்கூடாதுன்னு இவன் சுத்திப் போயிருக்கான். படகுல ஏறுனதும் அடிச்சேன், அண்ணா. அழுதுக்கிட்டே அடிச்சேன்."

"நல்லாவே அடிச்சா," என்றார் சாம்.

"நான் கையத் தூக்கிக் காட்டினேன்னு சொன்னான். பொய் சொல்லாதன்னேன். இன்னிய வரைக்கும் எங்க வீட்டுல அந்தச் சண்ட ஓயல. எதுக்கு சண்ட வந்தாலும் கடைசியில அங்கதான் போய் நிக்கும். என்ன விட்டுட்டுப் போனவன்தானே நீன்னு கேட்ருவேன்." அவர் மாதிரிப் பிரதியைத் தொடாமல் அந்த மூலைக்கு மேலே விரலை வைத்தார். "படகுலயே கேமராவப் பாத்தா, இவன் படத்துக்குள்ள இருக்கான். இவனப் பாத்துக்கிட்டேதான் நான் அமுக்கியிருக்கேன், ஆனா பாக்கல. இந்த மூலையப் பெருசு பண்ணிப் பாக்க எனக்கு இதுவரைக்கும் தைரியம் வந்ததில்ல. கை தூக்கலைன்னு தெரிஞ்சிருச்சுன்னா? இதுல நீங்க மையால ஒரு பொட்டு வச்சா அது நீங்க வச்ச பொட்டு. இவன் அங்க இல்லாம போயிருவான்."

லோகநாதன் மாதிரிப் பிரதிக்குப் பக்கத்தில் வந்து அந்த மூலையைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, அப்ப புருசனக் காணோம்னு நடுக் கடல்ல நின்னு கத்துன படமா இது? இத்த மொதல்லயே சொல்றதில்ல? கல்யாண மண்டபத்துல போயி எவனாவது புருசன அழிச்ச படத்த மாட்டுவானா? எனக்கு இவரு வோணும். சொறியோட குடு, பரவால்ல." சாமை ஏற இறங்கப் பார்த்தார். "சைசுகூட கரீட்டாத்தான் கீது. எல்லா ஊட்லயும் புருசன் அந்த சைசுதான்."

ஸ்டெல்லாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது, ஆனால் வேலை இனிமேல்தான்.

சுருளை அளந்து பார்த்தோம். ஒரு பிரதிக்குக் காகிதம் இருந்தது, இரண்டாவது முறைக்கு இல்லை. மெஷினில் இருந்தவர், ஃபைலை வேறு யாராவது திறக்கட்டும், மணி வேண்டாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அப்போது இங்கே பொறுப்பில் இருந்த நான், மணிதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், உங்களில் சிலர் நாளைக்கு இந்த இடத்துக்குப் பொறுப்பாக வருவீர்கள். அந்த அறையில் அந்த நிமிஷத்தில், எது தூசு எது ஆள் என்று மணிவண்ணன் அளவுக்குப் பயந்துபோய்ப் பார்க்கிற கண் வேறு யாருக்கும் கிடையாது. அவரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுப் போயிருப்பார். நமக்கும் ஒரு நல்ல கண் போயிருக்கும். வாடிக்கையாளர் எதிரே நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்கு வாய்வரை வந்தது, எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அடக்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா கொடுத்த மூல ஃபைலைத் திறந்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தார் மணி. எதையும் தொடவில்லை. நான் பின்னாலேயே நின்றேன். வலது கீழ் மூலைக்கு வந்தபோது மட்டும் மெஷின்காரர் கூப்பிட்டார் என்று நான் அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது மணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. சரியா என்று கேட்டேன். "சரிண்ணே, அனுப்பலாம்" என்றார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. பாதித் திமிங்கிலம் வந்திருக்கும்போது கரண்ட் போனது. விளக்கு, ஏசி எல்லாம் நின்றுவிட்டது. பேட்டரியில் மெஷின் மட்டும் ஓடியது. இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி நின்றோம். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஜெபம் செய்துகொண்டிருந்தார். லோகநாதன் தன் பங்குக்குத் திருவேற்காட்டு அம்மனைக் கூப்பிட்டார். யார் கேட்டார்களோ தெரியாது, பேட்டரி தாங்கியது. கடைசி ஓரம் வெளியே வந்து காகிதம் தட்டில் இறங்கியபோது என் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது.

கரண்ட் வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். தழும்பு இருந்தது, சிப்பி இருந்தது, கீறல் இருந்தது. சாம் மூலையில் குனிந்து, "வந்துட்டேன்" என்றார். அப்பா, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! நான் அங்கேயே ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கெட்டுப்போன பிரதியை, அதைத் தயார் செய்தவரே, படம் எடுத்தவர் கண் எதிரே நாலாகக் கிழிக்க வேண்டும். மணிவண்ணன் தான் துடைத்த திமிங்கிலத்தைக் கையில் எடுத்தார். கொஞ்சம் பார்த்துக்கொண்டே நின்றார். அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிறகு கிழித்தார். பருத்திக் காகிதம் கிழிகிற சத்தம் துணி கிழிகிற மாதிரி இருக்கும். லோகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிழித்து முடித்துவிட்டு மணி, "அக்கா, ஒண்ணு காட்டணும்" என்றார். "அப்பவே பாத்துட்டேன். பிரிண்ட் நல்லபடியா வர்ற வரைக்கும் சொல்லப் பயமா இருந்துச்சு."

நாங்கள் எல்லோரும் அவருடைய திரைக்கு முன்னால் போய் நின்றோம். கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் இருட்டில் நிற்கிற சித்தப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள், பார்த்திருப்பீர்கள். மணிக்கு அது கைவந்த வேலை. "இது அச்சுக்கு இல்ல, சும்மா பாக்குறதுக்கு மட்டும்தான்" என்று என்னைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிவிட்டு, அந்த மூலையைத் திரை நிறையப் பெரிதாக்கி, மெதுவாக இருட்டைக் குறைத்துக்கொண்டே போனார்.

புள்ளி நீளமானது. தலை தெரிந்தது, தொந்தி தெரிந்தது. கால்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. தலைக்கு மேலே, கோடு மாதிரி, நேராக, ஒரு கை.

ஸ்டெல்லா திரைக்கு மிகவும் கிட்டத்தில் போனார். விலகி வந்து பார்த்தார். மறுபடியும் கிட்டத்தில் போனார்.

"தூக்கியிருக்க," என்றார்.

"அதானே நான் சொன்னேன்," என்றார் சாம். ஆனால் சொல்லிவிட்டு அவரே குனிந்து அந்தக் கையை இன்னொரு தடவை பார்த்தார். தூக்கினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்து எத்தனை நாள் ஆயிற்றோ. ஸ்டெல்லா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார், அப்படியே அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கு வந்து பென்சிலை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் மறுபடியும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிச்சிருங்க சார் என்று லோகநாதனைப் பார்த்தார். அவருடைய போன் அதற்குள் எத்தனையோ தடவை அடித்து ஓய்ந்திருந்தது. அவர் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ மெதுவா போடும்மா," என்றார். "மண்டபம் எங்கியும் ஓடிப் பூடாது."